பெஞ்சு மேல் நின்றவர்கள்

ஜூன் 2, திங்கள்

நடந்ததை நடந்தபடியே எழுதுவேன். கூட்ட மாட்டேன், குறைக்க மாட்டேன். எனக்கே வெட்கமான விஷயமாக இருந்தாலும் பக்கத்தைக் கிழிக்க மாட்டேன். இந்த நோட்டை வாங்கித் தந்த அப்பா, "டைரின்னா உள்ளதை எழுதணும். இல்லேன்னா அதுக்குப் பேரு கட்டுரை நோட்டு" என்றார். அப்பா பஸ் கண்டக்டர். "இப்பத்தான் ஏறினேன் சார்" என்பதை நாள் முழுக்கக் கேட்கிறவர். அதனால் உண்மை என்றால் அவருக்கு ஒரு தனி மரியாதை.

முதலில் வீடு. எங்கள் வீட்டு முன்னறையில் விருந்தாளி உட்கார நாற்காலி கிடையாது. அங்கே கொக்கு என்று நாங்கள் கூப்பிடும் ஒரு மெஷினும் ஓர் அடுப்பும் இருக்கின்றன. இரண்டும் அம்மாவும் சித்தியும் பத்து வருடம் வேலை பார்த்த தொழிற்சாலையில் இருந்தவை. அதை மூடியபோது பழசு என்று கழித்துவிட்டதை இவர்கள் வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். இரண்டுக்கும் என்னைவிட வயது அதிகம்.

எலக்ட்ரானிக் கருவிகளுக்குள் இருக்குமே, அந்தப் பச்சைப் போர்டில் எங்கெங்கே பாகங்கள் உட்கார வேண்டுமோ அங்கெல்லாம் அம்மா துளைத் தகட்டை வைத்து ஈயப்பசையை வழித்துவிடுவாள். கொக்கு, ரீலில் இருக்கிற பாகங்களை மூக்கால் உறிஞ்சி எடுத்துப் பசைமேல் டக் டக்கென்று வைக்கும். ஐந்து போர்டு சேரும்வரை அவை தாங்கியில் காத்திருக்கும். பிறகு அடுப்பு. அது சமையல் அடுப்பு இல்லை, நீளமான இரும்புப் பெட்டி. ஒரு வாயில் போர்டு நுழைந்து, ஊர்ந்து, மறுவாயில் வரும். உள்ளே பசை உருகிப் பாகங்களை இறுகப் பிடித்துக்கொள்ளும். பாகங்கள் என்றால் சர்க்கரைத் துகள் அளவு. நாங்கள் பொடிசுகள் என்போம். இந்த அறையில் தும்முவதற்குக்கூட அனுமதி வாங்க வேண்டும். கூரை விசிறியை முதல் நாளே கழற்றிவிட்டார்கள்.

என் படிப்பு மேசையும் இங்கேதான். பகலில் மற்ற வேலைகள் இருப்பதால், பள்ளி நாட்களில் போர்டு ஓட்டுவது மாலையில்தான். பள்ளிக்கூடம் விட்டு நாலேகாலுக்கு வந்தால், மைக்ராஸ்கோப்பில் பார்த்து அம்மா சொல்வதை எழுதிக்கொள்வது என் வேலை. மற்ற நேரம் படிப்பேன்.

இன்று நன்றி சொல்ல வேண்டியவை: ஒன்று, இந்த நோட்டு. இரண்டு, நூலகத்தில் ஒரே நாளில் மூன்று புத்தகம் தந்தது. மூன்று, பச்சை நிற மேசை விசிறி. போன வாரம் என் பிறந்தநாளுக்குச் சித்தி தந்தது. "அடுப்புப் பக்கத்துல உக்காந்து வேகாதே, புழு" என்றாள். (புத்தகப்புழு. நீளமாக இருக்கிறது என்று பாதியை விட்டுவிட்டாள்.) காற்று கொக்குப் பக்கம் போகாதபடி அதற்கு முதுகைக் காட்டித் திருப்பி வைத்ததும் சித்திதான். எனக்காக இவ்வளவு யோசிக்கிற ஆள் எத்தனை பேருக்குக் கிடைக்கும்?

ஜூன் 3, செவ்வாய்

இன்று பதினொரு பேர் பெஞ்சு மேல்.

ஜூன் 4, புதன்

நேற்று எழுதியது எனக்கே பிறகு புரியாமல் போகலாம். விளக்குகிறேன்.

பொடிசு படுத்திருக்க வேண்டும். அதன் இரண்டு முனையையும் ஈயம் பிடிக்க வேண்டும். சில சமயம் ஒரு முனையில் பசை முந்திக்கொண்டு உருகிப் பொடிசைத் தன் பக்கம் இழுத்துவிடும். மறுமுனை மேலே தூக்கிக்கொள்ளும். அடுப்பிலிருந்து வெளியே வரும்போது அது தண்டனை வாங்கின பிள்ளை மாதிரி நெட்டுக்குத்தாக நிற்கும். "இன்னிக்கு எத்தனை பேருக்கா பெஞ்சு மேல?" என்று சித்தி கேட்பாள். முன்பெல்லாம் சிரித்துக்கொண்டே கேட்பாள்.

இப்போது சிரிப்பதில்லை. காரணம் இதுதான். மருத்துவமனையில் சொட்டு மருந்து தீரப்போகும்போது மணியடித்துக் கூப்பிடும் ஒரு சின்னக் கருவி. அதைச் செய்கிற கம்பெனி முந்நூறு போர்டு செய்துதர எங்களிடம் கேட்டிருக்கிறது. முதலில் நாற்பது போர்டு மாதிரிக்குக் கொடுக்க வேண்டும், இருபதாம் தேதிக்குள். கையால் தொட்டுத் திருத்தக் கூடாது, அடுப்பிலிருந்து வந்தது வந்தபடி இருக்க வேண்டும். நாற்பதில் ஒரு போர்டு கெட்டிருக்கலாம். இரண்டு கெட்டால் வேலை இல்லை.

சித்தியிடம் ஒரு கடிதமும் இருக்கிறது. ஒன்பது மணி நேர ரயில் தூரத்தில் ஒரு பெரிய தொழிற்சாலையில் சூப்பர்வைசர் வேலை. ஜூன் முப்பதில் சேர வேண்டும். "மாதிரி தேறிச்சுன்னா கொக்கு. தேறலேன்னா ரயில்" என்று சாப்பிடும்போது சாதாரணமாகச் சொன்னாள். அம்மா குழம்புக் கரண்டியைக் கொஞ்சம் வேகமாக வைத்தாள்.

எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து சித்தி என் அறையில்தான் படுக்கிறாள். அவள் கட்டில் காலியாக இருந்து நான் பார்த்ததே இல்லை.

ஜூன் 5, வியாழன்

காலையில் அடுப்பு மெக்கானிக் வந்தார். நான் பள்ளிக்குப் போகும் முன் பத்து நிமிடம் பார்த்தேன். ஒரு போர்டில் மெல்லிய கம்பிகளை ஒட்டி அடுப்புக்குள் அனுப்பினார். உள்ளே எந்த இடத்தில் எவ்வளவு சூடு என்று அது காட்டுமாம். திரையில் ஒரு கோடு மலை மாதிரி ஏறி இறங்கியது.

மீதி சித்தி சொல்லித் தெரிந்தது. அவர் எதிரிலேயே பத்து போர்டு செய்தார்கள். ஒரு பொடிசுகூட எழுந்திருக்கவில்லை.

"நீங்க சொல்றது எனக்குப் புரியுதுக்கா. ஆனா அடுப்பு வேற சொல்லுதே" என்றாராம் அவர்.

"டாக்டரைப் பாத்ததும் ஜுரம் விட்டுடுற பிள்ளை மாதிரி இருக்கு" என்றாளாம் அம்மா.

"அப்ப நான் இங்கயே ஒரு பாய் போட்டுப் படுத்துக்கட்டுமா?"

அவர் போனார். நான் வந்தேன். மாலையில் எட்டு.

ஜூன் 6, வெள்ளி

அம்மா சொல்லச் சொல்ல எழுதும்போது ஒன்று கவனித்தேன். நிற்பவை எல்லாம் போர்டின் இடது ஓரத்தில்தான் நிற்கின்றன. "அம்மா, எப்பவும் லெஃப்ட்லயே சொல்றியே?" என்றேன். அம்மா மைக்ராஸ்கோப்பிலிருந்து கண்ணை எடுக்காமல், "அதான் சொல்றேன், அடுப்புல ஒரு பக்கம் சூடு கம்மி" என்றாள். சித்தி, "கோடு ரெண்டு பக்கமும் ஒண்ணாத்தான் இருந்துச்சுக்கா" என்றாள்.

கொக்கின் மூக்கு அடைத்துக்கொண்டது. சித்தி அதைக் கழற்றி ஊசியால் சுத்தம் செய்தாள். "இதுக்குச் சளி" என்றாள். நல்லவேளை, அம்மா சிரித்துவிட்டாள்.

ஜூன் 8, ஞாயிறு

காலையில் அப்பாவோடு நூலகம். அப்பா பத்திரிகையை முகத்தில் விரித்துக்கொண்டு தூங்கினார். நூலகர் என்னைப் பார்த்து, "அவரை நீ எழுப்புறியா, நான் எழுப்பட்டுமா?" என்றார். அவரே எழுப்பினார். அன்பாகத்தான்.

திரும்பும்போது பன்னிரண்டரை. சித்தி வாசலிலேயே, "காலைல பதினஞ்சு போர்டு. ஒருத்தன்கூட நிக்கல!" என்றாள். என் கையைப் பிடித்து ஒரு சுற்றுச் சுற்றினாள். புத்தகங்கள் விழுந்தன.

சாப்பிட்டுவிட்டு என் மேசையில் உட்கார்ந்து படித்தேன். மதியம் பத்து போர்டு. ஏழு பேர் நின்றார்கள்.

வெயில்தான் காரணமா? மதியத்தில்தான் வருகிறதா? கரண்டு குறைகிறதா? சித்தி எல்லாவற்றையும் குறித்துக்கொண்டாள்.

ஜூன் 10, செவ்வாய்

இதை எழுத எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் உறுதிமொழி கொடுத்திருக்கிறேன்.

இன்று பன்னிரண்டு. அம்மா மைக்ராஸ்கோப் விளக்கை அணைத்துவிட்டு, "சூட்டை மாத்தினது யாரு?" என்றாள்.

சித்தி, "நான்தான். அதுக்கென்ன?"

"நல்லா இருந்ததை ஏன்டி நோண்டினே? போன மாசம் வரைக்கும் ஒருத்தன் நின்னானா?"

"போன மாசம் வேற போர்டுக்கா. இதுல பொடிசு இன்னும் சின்னது, பசையும் வேற. பழைய சூடு பத்தாது. உனக்கே தெரியும்."

"எனக்கு என்ன தெரியும்? நான் வெறும் கண்ணு. மூளை நீதானே!"

"சரி. மூளையை ரயில்ல ஏத்தி விட்டுடு. கண்ணு மட்டும் உக்காந்து போர்டு பாரு."

அம்மா சமையலறைக்குப் போனாள். சித்தி அடுப்பின் மூடியைத் திறந்து, ஒன்றும் செய்யாமல், மூடினாள். எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. புத்தகத்தில் ஒரே வரியை நாலு தடவை படித்தேன். அது என்ன வரி என்று இப்போதும் சொல்ல முடியாது.

போன மாதம் வரை நன்றாக இருந்தது, இந்த மாதம் இல்லை. அம்மா சொல்வதில் அது உண்மைதான். நடுவில் சித்தி சூட்டை மாற்றினாள், அதுவும் உண்மை. அப்படியென்றால் சித்திதான் காரணமா? எழுதவே கை வரவில்லை.

ஜூன் 11, புதன்

என்னை நடுவில் வைத்துப் பேசிக்கொள்கிறார்கள். "உங்க சித்தியை உப்பை எடுக்கச் சொல்லு." உப்பு சித்திக்கு ஒரு சாண் தூரத்தில் இருந்தது. ஒன்பது.

ஜூன் 12, வியாழன்

பள்ளி நூலகத்தில் புத்தகங்களுக்கு அட்டை போட ஆள் கேட்டார்கள். கையைத் தூக்கினேன். வீட்டுக்கு வரும்போது ஆறு மணி. எழுத ஆள் இல்லாததால் அம்மாவே எழுதி வைத்திருந்தாள்: மாலை 4 முதல் 6 வரை, போர்டு பத்து, நின்றது சுழி.

வெயில் குறையவே இல்லை. கரண்டும் அதே கரண்டுதான். நூலகத்தில் நாற்பத்திரண்டு புத்தகங்களுக்கு அட்டை போட்டேன்.

ஜூன் 13, வெள்ளி

பத்து.

இந்த நோட்டை முதலிலிருந்து படித்தேன். என் கையெழுத்திலேயே இருக்கிறது.

போன வாரம் வியாழன் காலை மெக்கானிக் வந்தபோது நான் பள்ளியில். சுழி. ஞாயிறு காலை நான் நூலகத்தில். சுழி. நேற்று மாலை நான் பள்ளியில். சுழி. மற்ற நாளெல்லாம் நான் இங்கே.

முதலில் தோன்றியது, நான் ராசியில்லாதவள் என்று. கொஞ்ச நேரம் அழுதேன். பிறகு யோசித்தேன். ராசி என்பது இடது ஓரத்தில் மட்டும் நிற்குமா? அப்படியானால் என்னோடு இந்த அறைக்குள் வருவது என்ன? பை. புத்தகம். தண்ணீர் பாட்டில். பிறகு நான் உட்கார்ந்தவுடன் செய்கிற முதல் வேலை என்ன?

அம்மா வாசலில் பால்காரரிடம் பேசிக்கொண்டிருந்தாள். சித்தி கொல்லையில். கணக்கு நோட்டின் ஓரத்தைக் கீற்றாகக் கிழித்து, விசிறியைப் போட்டேன். காற்று கொக்குப் பக்கம் போகவில்லை, சரிதான். அது என் தோளைத் தாண்டி எனக்குப் பின்னால் போகிறது. பின்னால் என்ன இருக்கிறது? போர்டுகள் காத்திருக்கிற தாங்கி. அதன் இடது பக்கத்தில் கீற்றைப் பிடித்தேன். ஆடியது. வலது பக்கம் பிடித்தேன். ஆடவில்லை.

பசை காற்றில் காய்ந்துபோகும். ஒரு முனையில் காய்ந்தால் மறுமுனை முந்திக்கொண்டு உருகும். அதனால்தான் அம்மா டப்பாவை வேலை முடிந்ததும் உடனே மூடுகிறாள். எனக்குத் தெரிந்த விஷயம்தானே இது.

விசிறியை அணைத்தேன். கீற்றை இந்தப் பக்கத்தில் ஒட்டியிருக்கிறேன்.

ஜூன் 14, சனி

இன்று எழுத ஒன்றுமில்லை.

ஜூன் 15, ஞாயிறு

நேற்று எழுதியது பொய். எழுத நிறைய இருந்தது. கிழிக்க மாட்டேன் என்று சொன்னதால் அந்த வரி அப்படியே இருக்கட்டும். எனக்கு ஒரு வடு மாதிரி.

சனிக்கிழமை நடந்தது இது. காலையில் சித்தி, "சரிக்கா, நீ சொன்ன மாதிரி பழைய சூட்டுக்கே வச்சுப் பாப்போம்" என்று மாற்றினாள். நான் விசிறியைப் போடவில்லை. யாரிடமும் சொல்லவும் இல்லை. நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று வாய்க்குள் வைத்துக்கொண்டேன். முப்பது வீணான போர்டு, ஐந்து நாள் சண்டை, எல்லாம் என்னால்தான் என்று எப்படிச் சொல்வது? அதுவும் சித்தி வாங்கித் தந்த விசிறி. சொன்னால் அவளுக்கும் வலிக்குமே. (இது எனக்கு நானே சொல்லிக்கொண்ட சாக்கு. எனக்குப் பயம். அவ்வளவுதான்.)

ஒருத்தரும் நிற்கவில்லை. அம்மா, "பாத்தியா?" என்றாள். ஒரே வார்த்தை. சித்தியின் முகம் சின்னதாகிவிட்டது. "நீ சொன்னதுதான் சரிக்கா. நான்தான் பெரிய இவளாட்டம் நோண்டிட்டேன்" என்றாள். எங்கள் அறைக்கு வந்து பரணிலிருந்து டிரங்குப் பெட்டியை இறக்கித் தூசி துடைத்தாள். "இங்க நான் இல்லாமலே நடக்கும், புழு. அங்க போய் நாலு விஷயம் கத்துக்கிறேன்" என்றாள். நான் தலையாட்டினேன். தலையாட்டினேன்! வாயைத் திறக்கவில்லை.

இன்று காலை எழுந்தபோது, பெட்டியில் அவளுடைய இரண்டு சேலை மடித்து வைத்திருந்தது. அதில் நீலச் சேலை என் பள்ளி ஆண்டு விழாவுக்குக் கட்டி வந்தது. அதற்குமேல் தாங்கவில்லை.

முன்னறையில் அம்மா மைக்ராஸ்கோப்பில் இருந்தாள். சித்தி கொக்குக்கு ரீல் மாற்றிக்கொண்டிருந்தாள். நான் நடுவில் போய் நின்று, "சூடு இல்ல. சித்தி இல்ல. நான்தான். என் விசிறி" என்றேன். பாதியிலேயே அழுகை வந்து மீதி உளறலாகிவிட்டது. அதனால் இந்த நோட்டையே சித்தியிடம் கொடுத்தேன். வெள்ளிக்கிழமைப் பக்கத்தை.

சித்தி படித்தாள். ஒட்டியிருந்த கீற்றைப் பிய்த்தாள். விசிறியைப் போட்டு, என் நாற்காலியில் அம்மாவை உட்காரவைத்து, தாங்கியருகே போய்ப் பிடித்தாள். இடது பக்கம். வலது பக்கம். மறுபடி இடது பக்கம். பிறகு அப்படியே தரையில் உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தாள். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள்.

"அக்கா... கொக்குப் பக்கம் காத்து போகக் கூடாதுன்னு பாத்துப் பாத்துத் திருப்பி வச்சேன். தாங்கி இருக்கிறதை மறந்தே போயிட்டேன்! ஃபேக்டரில அது கண்ணாடிக் கூண்டுக்குள்ள இருக்கும். இங்க சும்மாதானே நிக்குது!"

அம்மா சிரிக்கவில்லை. "ஏன்டி நேத்தே சொல்லல?" என்று என்னைக் கேட்டாள்.

"பயமா இருந்துச்சு."

"எதுக்கு?"

"நீ திட்டுவேன்னு."

"இப்ப மட்டும் திட்ட மாட்டேனா?" என்றாள் அம்மா. திட்டினாள். நல்லா வாங்கினேன். மனசுக்கு ரொம்ப இதமாக இருந்தது.

பிறகு அம்மா ஒன்று சொன்னாள். நேற்றைய போர்டுகளைக் காலையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாளாம். யாரும் நிற்கவில்லை, ஆனால் ஈயம் மங்கலாக, மணல் மணலாக இருக்கிறது. சரியாக உருகவில்லை. ஒன்றை ஊசியால் தொட்டாள். பொடிசு கழன்று வந்துவிட்டது. "காலைலேருந்து இதை எப்படிச் சொல்றதுன்னு நானும் வாய்க்குள்ளதான் வச்சிருந்தேன்" என்றாள் என்னிடம். சித்தியிடம் திரும்பி, "சூட்டை உன் கணக்குக்கே மாத்து" என்றாள். மன்னிப்பு என்ற சொல் எங்கள் வீட்டில் இப்படித்தான் உச்சரிக்கப்படும். சித்தி எழுந்து போய் மாற்றினாள்.

புதுச் சூட்டில் ஐந்து போர்டு விசிறியோடு: ஆறு பேர் பெஞ்சு மேல். ஐந்து போர்டு விசிறி இல்லாமல்: ஒருத்தரும் இல்லை, ஈயமும் கண்ணாடி மாதிரி பளபள.

அப்பா வந்ததும் எல்லாம் சொன்னோம். "ஆக, எல்லாத்துக்கும் காரணம் ஒரு காத்து. இதுக்குத்தான் நான் பஸ்ல ஜன்னல் சீட்டுல உக்காரவே மாட்டேன்" என்றார். கண்டக்டருக்குச் சீட்டே கிடையாது என்று சித்தி சொன்னாள்.

நன்றி சொல்ல வேண்டியவை: அம்மா திட்டியது. சித்தி சிரித்தது. கணக்கு நோட்டின் ஓரம்.

ஜூன் 16, திங்கள்

விசிறியை யாரும் குறை சொல்லவில்லை. அது தன் வேலையைத்தான் ஒழுங்காகச் செய்தது. துடைத்து, ஒயரைச் சுற்றி, எங்கள் அறை மூலையில் வைத்தேன். பெட்டி இன்னும் திறந்தேதான் இருக்கிறது. சேலைகளும்.

ஜூன் 19, வியாழன்

மாதிரி செய்யும் நாள். இதுவரை ஓட்டியது பழகிப் பார்க்கத் தந்த போர்டுகள்; மாதிரிக்கென்று கம்பெனி கொடுத்தது சரியாக நாற்பது வெறும் போர்டு. ஒன்று கெட்டால் மாற்றுக்கு வேறு இல்லை. நான் லீவு எடுக்க அனுமதி கேட்டேன். "படிக்கிற பிள்ளைக்கு என்ன லீவு?" என்று அம்மா முறைத்தாள். சித்தி, "கண்டுபிடிச்ச ஆளு இல்லாம எப்படிக்கா?" என்றாள். அரை நாள் கிடைத்தது.

எல்லா ஜன்னலும் சாத்தி, தாங்கியைச் சுற்றி மூன்று பக்கமும் அட்டை நிறுத்தி, அறைக்கதவையும் மூடினோம். ஒரு மணி நேரத்தில் மூன்று பேரும் நனைந்துவிட்டோம். ஐந்து சேரும்வரை காத்திருக்காமல் சித்தி இரண்டிரண்டாகவே அடுப்புக்கு அனுப்பினாள். இருபத்திரண்டாவது போர்டில் ஒரு ரீல் சிக்கியது. கொக்கு வெறும் மூக்கோடு போய்க் காற்றை வைத்துவிட்டு வந்தது. சித்தி நிறுத்தி, சிக்கெடுத்து, விட்ட இடத்திலிருந்து மறுபடி ஓட்டினாள்.

அம்மா ஒவ்வொன்றாகப் பார்த்தாள். ஒன்று முதல் முப்பத்தாறு வரை "நல்லாருக்கு" என்று எழுதினேன். முப்பத்தேழில் அம்மா லென்ஸை மறுபடி மறுபடி திருப்பினாள்.

"என்னம்மா?"

"ஒருத்தன் நிக்கிறான்."

ஓரத்தில் இல்லை, நடுவில். விசிறி காரணமில்லை. எதனால் என்று யாருக்கும் தெரியவில்லை. சித்தி, "வர்றதுதான்க்கா. ஒண்ணு வரலாம்" என்றாள். ஆனால் இன்னும் மூன்று பாக்கி.

அம்மாவின் கை, ஈயத்தை உருக்கித் திருத்துகிற சூட்டுக்கோலிடம் போனது. அவள் தொட்டால் ஒரு நொடி வேலை. பொடிசு படுத்துவிடும், உலகத்தில் யாரும் கண்டுபிடிக்க முடியாது. அவளுடைய கை அப்படி. கோலை எடுத்தேவிட்டாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"இதையும் அந்த நோட்டுல எழுதுவியா?"

"எழுதுவேம்மா."

"எழுதுவா, கிராதகி" என்றாள். கோலை எடுத்த இடத்திலேயே திரும்ப வைத்தாள்.

முப்பத்தெட்டு நல்லாருக்கு. முப்பத்தொன்பது நல்லாருக்கு. நாற்பதாவதை அம்மா பார்த்துக்கொண்டே இருந்தாள், பார்த்துக்கொண்டே இருந்தாள். சித்தி என் கையைப் பிடித்திருந்தாள். அவள் நகம் பட்ட இடம் இப்போதும் சிவப்பாக இருக்கிறது.

"நல்லாருக்கு."

ஜன்னலைத் திறந்தோம். அடடா, காற்று!

ஜூன் 20, வெள்ளி

மாதிரியைக் கம்பெனியில் கொடுக்கச் சித்தி அப்பாவின் பஸ்ஸிலேயே போனாள், போர்டுகள் இருந்த அட்டைப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு. அப்பா அவளிடமும் டிக்கெட் கேட்டாராம். "சொந்தக்காரங்க சலுகை என் பஸ்ல கிடையாது." முப்பத்தேழாவது போர்டில் சித்தி ஒரு சின்னச் சிவப்பு ஒட்டு ஒட்டியிருக்கிறாள், நிற்கிறவன் இங்கே என்று. அவர்களே கண்டுபிடிக்கட்டும் என்று விடவில்லை.

ஜூன் 23, திங்கள்

செய்தி இல்லை. சித்தி மூன்றாவது சேலையும் மடித்து வைத்தாள். "எதுக்கும் தயாரா இருக்கணும்ல" என்றாள். ரயில் இருபத்தெட்டாம் தேதி.

ஜூன் 25, புதன்

இன்றும் இல்லை. போர்டுகளை அங்கே ஒரு மேசையில் வைத்துக் குலுக்குவார்களாம், சூட்டிலும் குளிரிலும் மாற்றி மாற்றி வைப்பார்களாம். முப்பத்தொன்பது பேரையும் நினைத்துக்கொண்டேன். இறுகப் பிடித்துக்கொள்ளுங்கள்.

அம்மா சித்திக்கு வழிக்கு வேண்டும் என்று தைலம், ஊசி நூல், சின்னக் கத்தரிக்கோல் எல்லாம் ஒரு பையில் எடுத்துவைத்தாள். கொடுக்கவில்லை. அலமாரியில் மறைத்து வைத்திருக்கிறாள். நான் பார்த்துவிட்டேன். உள்ளதை எழுத வேண்டும் என்பதால் எழுதுகிறேன்.

ஜூன் 27, வெள்ளி

பள்ளியிலிருந்து வந்தபோது வாசலில் செருப்புகள் கலைந்து கிடந்தன. உள்ளே ஓடினேன். அம்மா சமையலறையில் முகத்தைப் புடவைத் தலைப்பில் துடைத்துக்கொண்டிருந்தாள். "வெங்காயம்" என்றாள். வெங்காயம் எதுவும் இல்லை.

சித்தி மெக்கானிக்கோடு போனில் கத்திக்கொண்டிருந்தாள். "பாய் எல்லாம் வேணாம்! நாளைக்கு வந்து பெல்ட்டை மட்டும் மாத்திட்டுப் போங்க. முந்நூறு ஓடணும்ல!"

ஜூன் 30, திங்கள்

சாதாரண நாள்.

காலையில் வெறும் போர்டுகள் மூன்று அட்டைப் பெட்டிகளில் வந்து இறங்கின. ரீல்கள் நனையாமல் இருக்க மூடிபோட்ட தகரப் பெட்டி ஒன்று வேண்டும் என்று சித்தி தேடினாள். டிரங்குப் பெட்டியைக் காலி செய்து கொக்கின் பக்கத்தில் வைத்துவிட்டாள். ரீல்கள் அதில் கச்சிதமாக அடங்குகின்றன. நீலச் சேலை திரும்பவும் கொடியில் தொங்குகிறது. அம்மா எடுத்துவைத்த தைலம் அப்பாவின் முழங்காலுக்குப் போய்விட்டது.

அடுப்பின் ஒரு கால் ஆடிக்கொண்டே இருந்தது. நாலாக மடித்த காகிதம் ஒன்றைச் சித்தி அதற்கடியில் செருகியிருக்கிறாள். குனிந்து பார்த்தேன். மேலே தொழிற்சாலையின் முத்திரை. 'முப்பதாம் தேதி காலை எட்டு மணிக்குள்' என்ற வரி மட்டும் வெளியே தெரிகிறது. இப்போது அடுப்பு ஆடவில்லை.

மாலை எழுதியது: போர்டு இருபது, நின்றது சுழி. சித்தி "எத்தனை பேருக்கா பெஞ்சு மேல?" என்று சிரித்துக்கொண்டே கேட்டாள்.

என் படிப்பு மேசை எங்கள் அறைக்கு மாறிவிட்டது. விசிறி இரண்டு கட்டிலுக்கும் நடுவில். இங்கே அது எந்தப் பக்கம் வேண்டுமானாலும் திரும்பலாம். நன்றி சொல்ல வேண்டியவை என்று எழுத உட்கார்ந்தேன். எங்கிருந்து தொடங்குவது என்று தெரியவில்லை. பக்கத்துக் கட்டிலிலிருந்து, "போதும் புழு, நாளைக்கு நாப்பது போர்டு இருக்கு. லைட்டை அணை" என்கிறாள் சித்தி. இன்னும் ஒரே வரி என்றேன். "உன் ஒரு வரி எனக்குத் தெரியாதா?" என்று எழுந்து வருகி

அணைத்துவிட்டாள். இந்த வரி கோணலாக இருந்தால் காரணம் அதுதான்.